ஏழு ஊசியும் ஐந்து மாதப் பொய்யும்

அன்புள்ள மச்சினன் ஷாவ்பிங்குக்கு,

அத்தான் லூ குவோஷெங் எழுதுவது. இங்கே நெல்லும் வாத்துகளும் நலம். உன் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கட்டும், உன்னைத் தவிர.

உன் அக்காவுக்குப் புற்றுநோய் என்று அவளுக்குத் தெரியக்கூடாது, வயிற்றுப்புண் என்று சொல்லுவோம் என்று எல்லாரும் சேர்ந்துதானே முடிவெடுத்தோம்? ஐந்து மாதம் அந்தப் பொய்யை அடைகோழி மாதிரி காத்தேன். மூணாவது மருந்து ஏத்தினதிலிருந்து அவள் வயிற்றில் ஒரு வாய்க் கஞ்சி தங்கவில்லை. "நாலாவதுக்கு வரமாட்டேன். வெறும் புண்ணுக்கு இந்தப் பாடா?" என்றாள். குமட்டலுக்கு அக்குபங்சர் ஊசி குத்தினால் கேட்கும், அந்த ஊசி டாக்டரிடம் நம்ம பொய்யை முன்னாடியே சொல்லிவைக்கிறேன் என்றாயே, சொன்னாயாடா?

போனோம். வழியில் பக்கத்து வீட்டு வாங்கின் எருமை பாலத்தை மறித்து நின்ற கதையை எழுதினால் தாள் போதாது. அதுக்கு இருக்கிற புத்தி உனக்கில்லை என்பதோடு விடுகிறேன். ஊசி போடும் மருத்துவமனைக்குப் போனதும் உன் அக்கா, "முதல்ல இந்த ஆளுக்குக் குத்துங்க, அப்புறம் எனக்கு" என்று அடம்பிடித்தாள். மூட்டு வலிக்காவது ஆகட்டும் என்று படுத்தேன். டாக்டர் டெங் அம்மா என் முழங்காலைச் சுற்றி ஏழு ஊசி செருகி, "அசையாதீங்க" என்றாள். அப்புறம் டெங் அம்மா பக்கத்துக் கட்டிலில் உன் அக்காவின் மணிக்கட்டில் ஒன்றைச் செருகிக்கொண்டே, "கேன்சருக்கு எத்தனை தடவை மருந்து ஏத்தியாச்சும்மா?" என்று கேட்டாளே பார்க்கலாம்!

பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்தியிருப்பேன். ஏழு ஊசியோடு எங்கே பாய? படுத்தபடியே "புண்ணு! புண்ணு!" என்று கத்தினேன்.

உன் அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மூணு, டாக்டர். அவரு கத்தறதக் கண்டுக்காதீங்க" என்றாள். அப்புறம் என்னிடம், "யோவ், புண்ணுக்கு மருந்து ஏத்தினா எவளுக்காவது முடி கொட்டுமா? முதல் மாசமே தெரியும். நீயா வாயத் திறந்து 'எனக்காக வாடி'ன்னு ஒரு வார்த்தை கேப்பேன்னுதான் பார்த்தேன்."

"இந்த ஊசி கட்டியைக் கரைக்காதும்மா, குமட்டலை அடக்கி மருந்தைத் தாங்க வைக்கும், அவ்வளவுதான்" என்றாள் டாக்டரம்மா. சாயங்காலம் உன் அக்கா கடுகுக்கீரை ஊறுகாயோடு ரெண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாள். "உப்பு போட்டியா, இல்ல உப்பு விக்கிறவன் செத்துட்டானா?" ஐந்து மாதமாகத் திட்டு விழாத காது எரிகிறது!

இனி ஊசி என்று வாயெடுத்தால், வருஷப் பிறப்புக்கு உனக்கென்று வளர்க்கிற வாத்தில் ஓர் இறகுகூடக் கிடையாது. அந்த டாக்டரம்மா முகத்திலும் விழிக்க மாட்டேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உனக்கு அதில் பங்கில்லை.

இப்படிக்கு,
குவோஷெங்

பி.கு.: வியாழக்கிழமை மறுபடி ஊசி. வண்டியோடு வெள்ளென வந்து சேர். வாத்து டாக்டரம்மாவுக்கு, உனக்கு வேறொரு வாத்து கொழுக்கிறது. திங்கட்கிழமை நாலாவது மருந்துக்கு உன் அக்கா வருகிறாள். நானே வாயைத் திறந்து கேட்டுவிட்டேன்.