நூற்றைம்பது சோப்பும் ஒரு லிஃப்ட் அறிவிப்பும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை வணங்கி எழுதுவது. கடவுள் கிருபையில் இங்கே எல்லோரும் நலமாக, அதற்குமேல் வாசனையாகவும் இருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீ "அதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்துவிடுவாய், அப்புறம் எனக்குச் சொல்ல வந்த விஷயம் மறந்துபோகும். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. ஆகவே உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, கடைசிவரை படி.

விஷயம் இதுதான். சோப்புத் தொழிலை மூடிவிட்டேன். நேற்றோடு முடிந்தது. நீ கொடுத்த பெரிய எவர்சில்வர் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அடுத்து யார் அந்தப் பக்கம் வந்தாலும் கொடுத்தனுப்புகிறேன்.

ஏன் என்று முதலிலிருந்து சொல்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும். நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகம், மகளுடைய போனில் பார்த்த வீடியோக்கள், இவை இரண்டையும் வைத்து நானாகவே கற்றுக்கொண்டதுதான் இந்த வேலை. எண்ணெயைச் சூடாக்கி, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரை அதில் ஊற்றி, கெட்டித் தயிர் பதம் வரும்வரை கை ஓயாமல் கிண்ட வேண்டும். நடுவில் நிறுத்தினால் எண்ணெயும் தண்ணீரும் கோபித்துக்கொண்டு தனித்தனியாகப் போய்விடும். பதம் வந்ததும் அச்சில் ஊற்றி, மறுநாள் வெட்டி, நாலு வாரம் காய வைக்க வேண்டும். இந்த நாலு வாரம்தான் குடும்பத்தில் குழப்பமே. எங்கள் வீடு இரண்டு அறை வீடு. கட்டிலுக்கு அடியில் சோப்பு, புத்தக அலமாரியில் சோப்பு, ஃபிரிட்ஜுக்கு மேலே சோப்பு, மாமாவின் சாய்வு நாற்காலியின் இரண்டு கைகளிலும் வரிசையாகச் சோப்பு. அவர் பேப்பர் படிக்கக் கையை விரித்தால் நாலு விழும். என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை அல்லவா, இவர் ஏறி நின்ற லிஃப்டில் எல்லாரும் மூக்கைச் சுளித்து ஒருவரையொருவர் பார்க்கிறார்களாம். கூட வேலை பார்ப்பவர்கள் "என்ன சார், இன்னிக்கு ரோஜாவா மல்லியா?" என்று கேட்டுத்தான் வருகைப் பதிவேட்டையே நீட்டுகிறார்களாம்.

இந்த நிலையில்தான் விடுதிக்கார அம்மா வந்தார். ஊருக்கு வருகிறவர்கள் தங்கும் சின்ன விடுதி அவருடையது. என் சோப்பை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, "நூத்தம்பது வேணும், எட்டு வாரம் டைம்" என்றார். காய்ந்துகொண்டிருந்ததெல்லாம் ஏற்கெனவே கேட்டு வைத்தவர்களுக்கு, நூற்றைம்பதையும் புதிதாகத்தான் போட வேண்டும். அன்று மாலையே வீட்டில் கூட்டம் போட்டார்கள். மாமனார் என்ற முறையில் மாமா தலைமை. "கெடுவுக்குள்ள நூத்தம்பதும் போனா தொழில் நடக்கட்டும். ஒண்ணு குறைஞ்சாலும் நமக்கு நம்ம வீட்டைத் திருப்பிக் குடுத்துடணும்மா" என்றார். அதை என் கணக்கு நோட்டில் நானே எழுதினேன், எல்லாரிடமும் கையெழுத்தும் வாங்கினேன். இப்போது நினைத்தால் அந்தக் கையை அன்று கட்டிப் போட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

அக்கா, இங்கே ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். கிண்டும்போது நான் கடிகாரம் பார்ப்பதில்லை. இரண்டு கையும் வேலையில் இருக்கும், போன் எப்போதும் மகளிடம் இருக்கும். அதனால் அம்மா நமக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய தோத்திரம்தான் எனக்குக் கடிகாரம். நிதானமாக மூன்று முறை சொல்லி முடித்தால் பதம் சரியாக வந்து நிற்கும். நோட்டிலும் வருஷா வருஷம் புதிதாக எண் போட்டு அப்படியே எழுதி வைத்திருந்தேன். "ஆறாம் கலவை. பெரிய தோத்திரம் மூன்று. நல்ல கெட்டி." புண்ணியத்துக்குப் புண்ணியமும் ஆயிற்று, சோப்புக்குச் சோப்பும் ஆயிற்று என்று இருந்தேன்.

ஆர்டர் வந்த பிறகு போட்ட முதல் கலவை அன்று என்ன நடந்தது என்று கேள். இரண்டாவது தோத்திரத்தின் நடுவில் வாசல் மணி அடித்தது. கையும் விடக்கூடாது, வாயும் விடக்கூடாது. பார்சல் கொண்டுவருகிற ஆள், திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்து "மேடம், ஒரு கையெழுத்து" என்றார். நான் கண்ணாலேயே மேசையைக் காட்டினேன், அங்கே வைத்துவிட்டுப் போ என்று. அவர் என் முகத்தையும் அசைகிற உதட்டையும் பார்த்துவிட்டு ஏதோ பெரிய விரதத்தில் இருக்கிறேன் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கை கூப்பி நின்றுவிட்டார். நான் மறுபடி கண்ணைக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து மாமா "என் கண்ணாடி எங்கம்மா?" என்கிறார். கண்ணாடி அவர் நெற்றியில் இருக்கிறது, அதை நான் எந்தக் கண்ணால் சொல்வது? கீழ்வீட்டுக்காரர் வேறு படியேறி வந்து, "உங்க பால்கனியிலருந்து என் துணி மேல எண்ணெய் சொட்டுது, இதைக் கேக்க ஆளில்லையா?" என்று கத்தினார். பார்சல்காரர் கண்ணைத் திறக்காமலே "உஷ்... பூஜை நடக்குது சார்" என்று அவரை அதட்ட, கீழ்வீட்டுக்காரரும் என்ன ஏது என்று தெரியாமல் கை கூப்பிவிட்டார். சத்தம் கேட்டு மாமாவும் வந்துவிட, இப்படி மூன்று ஆண்பிள்ளைகள் சுற்றி நிற்க நான் சோப்புக் கிண்டினேன்.

அந்தக் கலவை உறையவில்லை. வெட்டினால் கத்தியோடு வருகிறது, அமுக்கினால் விரல் உள்ளே போகிறது. ஆட்கள் வந்த தோஷம் என்று நினைத்து, கதவைச் சாத்திவிட்டு அடுத்த கலவை போட்டேன். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. எல்லாவற்றையும் பழைய வாளியில் போட்டுத் தரை கழுவ வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் போய்விட்டது. காய நாலு வாரம் வேண்டும் என்றால், எனக்கு மிச்சம் ஒரே வாரம். அழுகையாக வந்தது. இவர் லிஃப்ட் சோதிக்கிற ஸ்டாப்வாட்சை எடுத்துவந்து, "எங்க, தோத்திரத்தைச் சொல்லு பாப்போம்" என்றார். சொன்னேன். ஏழு நிமிடம்.

"கெடு இல்லாத காலத்துல சொல்ற மாதிரி சொல்லு."

கண்ணை மூடி, உன்னை நினைத்துக்கொண்டு சொன்னேன். பதினோரு நிமிடம்.

"பாத்தியா! ஒரு தடவைக்கு நாலு நிமிஷம், மூணு தடவைக்குப் பன்னெண்டு நிமிஷம் சோப்புக்குக் குறைச்சிருக்கே" என்றார். அவசரத்தில் நான் ஓட்டிவிட்டிருக்கிறேன், அக்கா! கடவுள் பெரிய மனதோடு அதையும் கேட்டுக்கொண்டார், சோப்புதான் கேட்டுக்கொள்ளவில்லை. மாமா சும்மா இருப்பாரா? "நானும் பத்து நாளா நெனச்சேன், மருமக என்ன ஏலம் போடறாளான்னு" என்றார். கடிகாரத்தையே வைத்துக் கிண்டு என்றாள் மகள். அது எனக்கு மனது ஒப்பவில்லை. நிதானமாகச் சொல்கிறேன் பார் என்று, அன்று நாள் முழுக்கச் சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பழகினேன். மறுநாள் காலையில் எழுந்தால் தொண்டையிலிருந்து காற்றுதான் வருகிறது. குரல் சுத்தமாகப் போய்விட்டது.

இவருக்குத் தோத்திரம் தெரியாது. இருபத்துமூன்று வருஷமாக நான் சொல்லும்போதெல்லாம் வெறுமனே தலையாட்டியிருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. ஆனால் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, கரண்டியை என் கையிலிருந்து வாங்கினார். "எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார், அதுவும் நம் தோத்திரத்தின் ராகத்திலேயே: "மின்சாரம் நின்றால் பதற்றம் வேண்டாம். கதவைக் கையால் திறக்க வேண்டாம். சிவப்பு மணியை அழுத்தவும். உதவி வரும்வரை அமைதியாக இருக்கவும்." முதல் தடவை சிரித்தேன். பத்தாவது தடவையில் மாமா பின்பாட்டுப் பாட வந்துவிட்டார். இருபதாவது தடவைக்கு எனக்கு, அக்கா, மெய்யாகவே கண் கலங்கிவிட்டது. என் நிலைமைக்கு அதைவிடப் பொருத்தமாக யாராவது எதையாவது எழுதியிருக்க முடியுமா சொல்லு. அச்சில் ஊற்றினோம். மறுநாள் வெட்டினால் கத்தி டக்கென்று இறங்குகிறது, பளிங்குமாதிரி ஓரம்! நோட்டில் எழுதினேன்: "பத்தாம் கலவை. லிஃப்ட் அறிவிப்பு அறுபத்தாறு முறை. மிக நல்ல கெட்டி." அதே வாரத்தில் இன்னும் இரண்டு கலவை. ஒன்றுக்கு ஐம்பது வீதம் சரியாக நூற்றைம்பது சோப்பு வெட்டிக் காயப் போட்டோம்.

நாலு வாரமும் ஓடிப்போனது. நேற்றுக் காலை கெடு. முந்தின நாள் மாலை, காகிதம் சுற்றி அடுக்க எடுத்தால், நூற்று முப்பத்தொன்று இருக்கிறது. மூன்று முறை எண்ணினேன். கட்டிலுக்கு அடியில் மகளைத் தவழவிட்டேன். ஃபிரிட்ஜை நகர்த்தினோம். கடைசியில் நான் நோட்டோடு கூடத்தில் நின்று, "பத்தொம்பது சோப்பு எங்கே?" என்று கேட்டேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமாதான் முதலில் இருமினார். "பார்க்குல நடக்க வர்றவங்க கேட்டாங்கம்மா. சாம்பிள் குடுத்தாத்தானே நாலு பேருக்குத் தெரியும்? எட்டுதான் குடுத்தேன்." மகள், "ஃபிரெண்ட்ஸுக்கு ஆறு. அதுல ரெண்டு பேர் அழகா போட்டோ எடுத்துப் போட்டிருக்காங்கம்மா, பாரேன்" என்று போனை நீட்டினாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "லிஃப்டுல அரைமணி நேரம் மாட்டிக்கிட்டவங்களை வெளியே கொண்டு வந்தா வெறும் ஸாரி சொல்லி அனுப்பறதா? நாலு பேருக்கு ஆளுக்கொண்ணு குடுத்தேன். ஒருத்தர் மறுபடி எப்ப மாட்டிக்கலாம்னு கேட்டார்."

எட்டும் ஆறும் நாலும் பதினெட்டு. "பத்தொம்பதாவது எங்கே? அந்தக் கை யாரோட கை?" என்று நான் தாண்டவமே ஆடிவிட்டேன். மகள் என் நோட்டை மெதுவாக வாங்கி, பக்கத்தைத் திருப்பி, என் முன்னால் நீட்டினாள். என் கையெழுத்து. "கீழ்வீட்டுக்காரர், ஒன்று, வாய் அடைக்க." 

காலையில் விடுதிக்கார அம்மா வந்தார். பத்தொன்பது குறைகிறது என்று நானே முதலில் சொல்லிவிட்டேன். அவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், "ம், பாக்கலாம்" என்றார், இருந்ததற்கு மட்டும் பணம் கொடுத்து எடுத்துக்கொண்டு போனார். எழுதிய தீர்மானம் எழுதியதுதான். யாரும் மூடு என்று சொல்லவில்லை. சோப்பு காய வைத்த பலகைகளை நானே கழற்றி வைத்தேன். கட்டிலுக்கு அடியில் இப்போது வெறும் தரை. மாமாவின் நாற்காலிக் கைகள் காலியாக இருக்கின்றன, அவர்தான் பழக்கத்தில் இன்னும் கையை ஒடுக்கிக்கொண்டே உட்காருகிறார். இவர் சட்டையை மோந்து பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டு போனார். நான் சாமி முன்னால் உட்கார்ந்து தோத்திரம் சொன்னேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கவில்லை. கை மட்டும் மடியில் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வருத்தப்படாதே. இரண்டு வருஷம் சந்தோஷமாக இருந்தேன், அதைக் கடவுள் கணக்கில் வரவாக வைத்துக்கொள்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம், முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, நெடுநாள் வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியதை மடித்து, ஒட்டி, தபாலில் போடச் சொல்லி மாமாவிடம் கொடுத்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. இன்று காலை விடுதிக்கார அம்மா போன் செய்தார். எடுத்ததும் ஒரே சண்டை. "என்னம்மா சோப்பு பண்றீங்க? வர்றவங்க அறையைக் காலி பண்ணும்போது பெட்டியில போட்டு எடுத்துக்கிட்டுப் போயிடறாங்க! இதுவரைக்கும் துண்டுதான் காணாமப் போகும், இப்ப துண்டு இருக்கு, சோப்பு இல்ல. நூத்தி முப்பத்தொண்ணும் தீரப் போகுது. முந்நூறு வேணும், முடியுமா முடியாதா?" நான் "இல்லம்மா, தொழிலை மூடி" என்பதற்குள் மாமா போனைப் பிடுங்கி, "முடியும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"மாமா! மூடிட்டேன்னு அக்காவுக்கே எழுதிப் போட்டாச்சு" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து இந்தக் கடிதத்தை எடுத்தார். கசங்கி, அவர் வியர்வையில் ஓரம் நனைந்து இருக்கிறது. முப்பத்தாறு வருஷம் தபால் நிலையத்தில் வேலை பார்த்து, ஒரு கடிதத்தை ஒரு நாள்கூடத் தாமதிக்காத மனிதர், அக்கா. "தெரிஞ்சேதான் வச்சிருந்தேன்" என்றார். "பெட்டியில விழுந்திருந்தா நீ மூடினதா ஆயிருக்கும். விழாத வரைக்கும் எனக்கு நாற்காலி கிடைச்சதா அர்த்தமில்ல." இவர் அதற்குள் கையுறையைத் தேடிக்கொண்டிருக்கிறார். மகள் புதுத் தீர்மானம் எழுதிவிட்டாள்: யாரும் யாருக்கும் சாம்பிள் கொடுக்கக்கூடாது. முதல் கையெழுத்து நான் போட வேண்டுமாம்.

ஆகவே மேலே உள்ள எதையும் நம்பாதே. பாத்திரம் வராது. நாலு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் அப்படியே அனுப்புகிறேன். இதை நானே போய்ப் போடுகிறேன் என்று கிளம்பினால், மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கையை நீட்டி நிற்கிறார்.

"இப்ப குடும்மா. இப்ப போடறேன்."