கோபுரத்து மேலே காற்று அடிக்கும்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் நெருங்கி. என் பெண்டாட்டி எஃபி சமையலறையில் மாவு பிசைகிறாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று ஊரே சொல்கிறது. நான் நம்புவதில்லை. கிளாஸ்கோவில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவன் நான். டிக்கெட் எடுக்காமல் பின்னால் பதுங்குகிறவனைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவனுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

போன வருஷம் மகள் கல்யாணத்துக்குக் கோல்ஃப் ஷூவோடு போய் நின்றேன். ஆட்டம் கொஞ்சம் நீண்டுவிட்டது. கல்யாணப் போட்டோவில் எல்லோர் கையிலும் பூ, என் காலில் சேறு. அன்றைக்கு எஃபி போட்ட சட்டம் இது:

"இந்த லீவுக்கு ஊர் சுத்திப் பார்க்கப் போறோம். பார்க்க மட்டும்தான். அங்க போய் மட்டையைத் தொட்டே, உன் கோல்ஃப் பை நம்ம சபையோட பழைய சாமான் விற்பனைக்குப் போயிடும், ஆர்ச்சிபால்ட்."

முழுப் பெயரைச் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்தப் பை லேசுப்பட்டதா? நான் ஓய்வு பெற்ற அன்று டிப்போ ஆட்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. அதற்கு நான் எண்ணெய் போட்டுத் துடைப்பதைப் பார்த்து, "எனக்கு ஒரு நாளாவது இப்படித் தலை துவட்டி விட்டிருக்கியா?" என்று கேட்டிருக்கிறாள்.

சரி என்றேன். ஊரை மட்டும் நான் தேர்ந்தெடுத்தேன். கில்னெஸ். கடலோரம், இடிந்த பேராலயம், அதன் பக்கத்தில் ஒற்றைக் கோபுரம், பாறைமேல் கோட்டை, கோட்டைக்குள் பாதாளச் சிறை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கோபுரத்துக்குக் கீழேயே பதினெட்டுக் குழி மைதானம் ஒன்று ஆரம்பிக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. என் சிநேகிதன் டூகல் தன் மீன் வேனில் என் பையை முன்கூட்டியே கொண்டுபோய்விட்டான் என்பதையும் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

முதல் நாள் காலை. விடுதியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். தப்பிப் போக ஏழு பொய் தயாராக வைத்திருந்தேன். எஃபி முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆர்ச்சி கண்ணு, முட்டி வலி. என்னால படி ஏற முடியாது. நீ போய் எல்லாத்தையும் பார்த்துட்டு வா. நான் டீக்கடையில உட்கார்ந்து சாக்ஸ் பின்னறேன். சாயங்காலம் வந்து சொல்லு, நானே பார்த்த மாதிரி இருக்கும்."

ஏழு பொய்யும் வீணாகிவிட்டது. கண்ணு என்கிறாள் வேறு.

"நீ இல்லாம நான் மட்டும் எப்படி எஃபி..."

"போயேன். கோபுரத்து மேல காத்து அடிக்கும். அந்த மஞ்சள் ஸ்வெட்டரைப் போட்டுக்க."

அவளே பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் அது. அதைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் நின்றால் கலங்கரை விளக்கத்துக்கு லீவு விட்டுவிடலாம். போட்டுக்கொண்டேன்.

மைதானத்தில் டூகலிடம் சொன்னேன்: "என் பொண்டாட்டி என்னை நம்பறாடா."

"நல்லதுதானே."

"கல்யாணமான நாளா நம்பினதில்லையே. இதுல ஏதோ இருக்கு."

"பந்தை அடிடா."

அடித்தேன். நேராக மணல் பள்ளத்தில் போய் விழுந்தது. ஆள் உயரப் பள்ளம். உள்ளே இறங்கினேன். ஒன்பது அடி அடித்தும் பந்து வெளியே வரவில்லை. அந்த ஒன்பதுக்கும் என் வாயிலிருந்து வந்ததை இங்கே சொல்ல முடியாது.

சாயங்காலம் எஃபி கேட்டாள்: "பாதாளச் சிறை எப்படி இருந்துச்சு?"

எனக்குத் தெரிந்த பள்ளம் ஒன்றுதான். அதையே சொன்னேன்.

"பயங்கரம் எஃபி. சுத்தி ஆள் உயரத்துக்குச் சுவர். உள்ள போனவன் வெளிய வர்றது ரொம்பக் கஷ்டம். தலைக்கு மேல வானம் மட்டும்தான்."

"பாதாளச் சிறையில வானம் தெரியுமா?"

"கூரை இடிஞ்சு போச்சு."

"பாவம். உள்ள மாட்டினவன் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பான், இல்ல?"

"திட்டியிருப்பான்."

அவள் சிரிக்கக்கூட இல்லை. சாக்ஸைப் பின்னிக்கொண்டிருந்தாள். அங்கேதான் என் கண் நின்றது. காலையிலிருந்து பின்னுகிறாளாம், சாக்ஸ் கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. மறுநாளும் அதே நீளம். மூன்றாம் நாள் அவள் மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. டீக்கடைக்குள் ஏது வெயில்? பின்னல் பையோ, உள்ளே செங்கல் இருப்பது போல ஒரு பக்கமாக இழுத்தது. முட்டி வலிக்காரி படிக்கட்டில் விசிலடித்துக்கொண்டு இறங்கினாள்.

டீக்கடை முதலாளி பெண்டாட்டி இல்லாதவன் என்று கேள்விப்பட்டிருந்தேன். மீசை வேறு வைத்திருந்தான்.

நாலாம் நாள் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடினேன். எஃபி இல்லை. மீசைக்காரன் மட்டும் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பின்னல் பையோட ஒரு அம்மா வருவாங்களே?"

"ஒரு டீ குடிப்பாங்க, கிளம்பிடுவாங்க. சாயங்காலம் திரும்பி வந்து இன்னொரு டீ."

"நடுவுல எங்க போறாங்க?"

"அது அவங்க புருஷன் கேட்க வேண்டிய கேள்வி. நீங்க யாரு?"

புருஷன் என்று சொல்ல முடியுமா? எஃபியிடம்தான் எப்படிக் கேட்பேன்? கோபுரத்தில் இருக்க வேண்டியவனுக்கு டீக்கடையில் என்ன வேலை என்று அவள் திருப்பிக் கேட்பாளே. இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. அவள் குறட்டை விட்டாள்.

ஊர் திரும்பினோம். பையை டூகல் வீட்டிலேயே வைத்திருக்கச் சொன்னேன். ஒரு வாரம் போனது. எஃபி தேன் மாதிரி பேசினாள்.

"ஆர்ச்சி, சபை மாதர் சங்கத்துல கில்னெஸ் பத்தி நீ பேசணும்னு ஆசைப்படறாங்க."

"நானா?"

"நீ சொல்ற மாதிரி யாரு சொல்லுவா? எனக்குப் பாதாளச் சிறை கண்ணு முன்னாலயே நிக்குது."

புகழ்ச்சியில் விழுந்துவிட்டேன். கூடத்தில் ஐம்பது பெண்கள், கையில் டீ, முன் வரிசையில் பாதிரியாரின் மனைவி. அந்த அம்மாள் பக்கத்தில் டூகல். இவனுக்கு மாதர் சங்கத்தில் என்ன வேலை என்று யோசித்தேன். அவன் என்னைப் பார்க்காமல் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவரோரம் ஒரு மேஜை, அதன் மேல் வெள்ளைத் துணி மூடியிருந்தது. பேச்சு முடிந்ததும் பழைய சாமான் விற்பனையாம்.

பேசினேன். நன்றாகவே பேசினேன். பாதாளச் சிறை வந்ததும் இரண்டு பேர் கைக்குட்டையை எடுத்தார்கள். அந்த நேரம் எஃபி எழுந்தாள்.

"அவர் சொன்னதுக்கு என்கிட்ட படம் இருக்கு. என் தம்பி பறவை படம் எடுக்கிற கேமராவை வாங்கிட்டுப் போயிருந்தேன். தினமும் கோபுரத்து மேல ஏறி உட்கார்ந்தேன். அபூர்வமான பறவை ஒண்ணு கிடைச்சுது. மஞ்சள் கலர்."

விளக்கு அணைந்தது. திரை முழுக்க மணல் பள்ளம். நடுவில் மஞ்சள் ஸ்வெட்டரோடு நான், மட்டையைத் தலைக்கு மேல் தூக்கி, வாயைத் திறந்து.

"இதுதான் பாதாளச் சிறை. கூரை இடிஞ்சு போச்சு," என்றாள்.

பாதிரியாரின் மனைவிக்கு டீ புரையேறியது. அந்த இருட்டிலேயே எஃபி சுவரோரம் போய் மேஜைத் துணியை இழுத்தாள். துடைத்துப் பளபளவென்று என் பை. பெரிய மட்டையின் தலையில் பாதி பின்னிய அந்த ஒற்றைச் சாக்ஸ்.

"இப்பவே விலை பேசலாமா, எஃபி?" என்று யாரோ கேட்டார்கள்.

"கொஞ்சம் பொறுங்க. இது முதல் குழிதான். இன்னும் பதினேழு இருக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் பொத்தானை அழுத்தினாள்.