தென் துருவம் போன டாக்குரியா வாலாட்டி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்படிப் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: தெரியாததை யாரிடமும் கேட்க மாட்டோம். எனக்கு அது முற்றியிருந்தது.

வலசை போகும் சிறு பறவைகளை ஆராயும் குழு ஒன்றில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். கல்கத்தாவின் டாக்குரியா ஏரிக்கரையில் பிடித்த வாலாட்டிக் குருவி ஒன்றின் முதுகில் சின்னக் கருவியைக் கட்டிவிட்டோம். அது வெளிச்சத்தை மட்டும் பதியும். சூரியன் எப்போது உதித்தது, எப்போது மறைந்தது என்பதை வைத்துக் குருவி இருந்த இடத்தைக் கணக்கிடலாம். அடுத்த குளிர்காலத்தில் அதே குருவி அதே கரையில் வலையில் விழுந்தது. கணக்கு என் பொறுப்பு. கருத்தரங்கில் நன்றாகப் பேசினால் ஆய்வு மாணவி இடம் எனக்குத்தான் என்றார் குழுத் தலைவர் தீபாதி (வங்காளியில் 'தி' என்றால் அக்கா).

கப்பல் கட்டும் தளத்தில் வெல்டரான அப்பா, லீவு போட்டுவிட்டு இஸ்திரிச் சட்டையோடு கார்டன் ரீச்சிலிருந்து வந்தார்.

"எனக்கு ஒண்ணும் வெளங்காதேம்மா."

"எல்லாரும் கைதட்டும்போது தட்டுங்கப்பா, போதும்."

மேடையேறினேன். குருவி செப்டம்பரில் வங்காளம் திரும்பிவிட்டது. அக்டோபரில்தான் அதிசயம்: சில நாட்கள் சூரியன் மறையவே இல்லை. வட துருவத்தில் அப்போது இருட்டு. எனவே குருவி போனது தென் துருவம். (அந்த 'எனவே' ஞாபகம் வந்தால் இன்றும் தலையணையில் முகம் புதைப்பேன்.)

"அவ்வளவு தூரம் எப்படிப் போச்சு?" என்றார் தீபாதி.

"காற்று சாதகமா இருந்திருக்கும்."

"தேதிகளைப் படி."

படித்தேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் விரல் மடக்கினார். "ஷஷ்டி... ஷப்தமி... ஒஷ்டமி..." 'நொபொமி' என்று நவமி வந்தபோது அரங்கமே கூடச் சொன்னது.

"அது தென் துருவம் இல்ல மா," என்றார் அவர். "லேக் பக்கத்துத் துர்கா பூஜைப் பந்தல். விடிய விடிய லைட்டு. உன் குருவி அங்க மரத்துல தூங்கப் பாத்திருக்கு, பாவம்."

கல்கத்தாவில் தெருநாய்க்கும் தெரிந்த தேதிகள். அந்த நாட்களில் அந்தப் பந்தல் வழியாகத்தான் நானும் போய்வந்தேன், புத்தகத்திலிருந்து தலை நிமிராமல்.

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் ஓய்ந்த பிறகும் ஒரு தட்டல் மட்டும் நிற்கவில்லை. கடைசி வரிசையில் எழுந்து நின்று அப்பா தட்டிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் கேட்டார்: "எல்லாரும் சந்தோஷமா சிரிச்சாங்களே. நல்லா பேசினியோ?"

நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்தார். "அப்ப அந்தச் சிரிப்புக்கா நானும் தட்டிட்டேன்?"

அந்த வருடம் இடம் வேறொருவருக்குப் போனது. அடுத்த பூஜையில், பந்தல் வெளிச்சத்தை அளக்கும் வேலையைத் தீபாதி எனக்கே கொடுத்தார். புழுக்கத்தில் வேர்த்து வழியக் கிளம்பிய என்னை அப்பா வாசலில் நிறுத்தினார். இன்றும் ஒவ்வொரு பூஜை ஷஷ்டியன்றும் அதையேதான் சொல்கிறார்:

"ஸ்வெட்டர எடுத்துக்கோம்மா. தென் துருவத்துல குளிரும்."