தொப்பியைக் கழற்றிய ஏட்டு

“போலீஸ்காரன் வாசல்ல நின்னு தொப்பியக் கழட்டுனா என்ன அர்த்தம், சொல்லு பாப்போம்?”

சாகிராவிடம் இதைக் கேட்டவர் அவளுடைய அப்பா; அவளுக்கு அத்தா. எட்டாவதோடு அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்த வருஷம் அது. துபாயிலிருந்து அவர் கொண்டுவந்த கேசட்டுகளில் ஒரு லண்டன் போலீஸ் தொடர் இருந்தது. துப்பாக்கிச் சண்டை கிடையாது. மழைதான் பெய்யும். போலீஸ்காரர் கதவைத் தட்டுவார், தொப்பியைக் கழற்றுவார், உட்காரச் சொல்வார். அப்புறம் டீ.

“மவுத்து!” என்று கத்துவாள் சாகிரா. சாவுச் சேதி என்ற அவள் கணிப்பு ஒருநாளும் தப்பியதில்லை.

அத்தா போய்ப் பன்னிரண்டு வருஷமாகியும், அந்தத் தொடரைப் போனில் தேடிப் பிடித்துப் பார்ப்பாள். அந்த மழைச் சத்தத்தில் அத்தா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஆனால் நான்கு மாதமாக அதையும் பார்க்கவில்லை. சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போன கணவன் அஸ்லாமிடமிருந்து நான்கு மாதமாகப் பேச்சில்லை. உயிரோடு இருக்கிறானா என்றே தெரியவில்லை.

அன்று லப்பைக்குடிக்காட்டில் நல்ல உச்சி வெயில். ஓர் ஏட்டு கதவைத் தட்டினார். சட்டையில் முத்தமிழ்செல்வன் என்று பெயர்.

“அஸ்லாம் வூடு இதானம்மா?”

“ஆமாங்க சார்.”

ஏட்டு தொப்பியைக் கழற்றினார்.

“ஏம்மா நடுங்குறீங்க? உக்காருங்க. ஒரு டீ கெடைக்குமா?”

சாகிராவின் அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு நூர்ஜகான் ஓடிவந்தாள்.

“அவரு போயிட்டாருக்கா! சார் தொப்பியக் கழட்டிட்டாரு. என்னிய உக்காரச் சொல்றாரு!”

நூர்ஜகான் ஏட்டை ஏற இறங்கப் பார்த்தாள். “போலீசு இம்புட்டு மரியாதையாப் பேசுதுன்னா நெசந்தான்டி.”

“அம்மா, நான் சொல்ல வந்தது…”

“சொல்லாதீங்க சார். அவ தாங்க மாட்டா.”

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஏட்டு மிரண்டுபோய் ஒரு தாளை நீட்டினார். “ரெண்டு பேரு கையெழுத்துப் போடணும். ஆளத் தெரிஞ்சவங்களா வாங்க.”

“மையத்த அடையாளம் காட்டணுமாம்!” என்றது ஒரு குரல். மாமியார் சுவரோடு சரிந்தாள். யாரோ பள்ளிவாசலுக்கு ஓடினார்கள். மைக்கில் ‘இன்னா லில்லாஹி’ என்று சாவு அறிவிப்பு கேட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின.

“தங்கமான மனுசன். ஒரு பொம்பளைய நிமுந்து பாத்திருப்பானா?” என்று ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்தார்.

“இனிமே இது எதுக்கு தங்கச்சி?” என்று சாகிரா கழுத்தில் தாலியாகக் கிடந்த கருகமணியில் கைவைத்தாள் நூர்ஜகான்.

ஏட்டு நாற்காலிமேல் ஏறி நின்றார்.

“யாருய்யா செத்தது? நான் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவன்! வெயிலுக்குத் தொப்பியக் கழட்டுனது குத்தமா? அஸ்லாம் போன வாரந்தான் திருச்சி ஆபீசுல நேர்ல வந்து போட்டோ எடுத்துட்டுப் போயிருக்காரு!”

சாகிரா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். இருக்கிறார். உயிரோடு இருக்கிறார்.

அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து ஏட்டுக்கும் நிம்மதி. கீழே இறங்கி அடுத்த தாளைப் புரட்டினார்.

“அவரு மனு சரியா இருக்கும்மா. அன்னிக்கே கூட வந்து சம்சாரமும் ஒண்ணு போட்டிருக்காங்க. இதே அட்ரஸ். நீங்கதான பெனாசிர்?”

சாகிரா எழுந்தாள். மாமியாரைத் தாண்டி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, வாசலில் செருப்பை மாட்டினாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாள்.