கப்பல் மூழ்கிய நாளில் காதுகுத்து

என் மகனின் காதுகுத்தை நாசம் செய்தது செந்தில்தான். திருப்பூர் மண்ணரையில் பனியன் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் என் சித்தப்பா மகன். இன்றுவரை ஒரே பதிலைச் சொல்லித் தப்பித்து வருகிறான்: "நீங்கதானுங்கண்ணா சாம்பிளுக்கு ஓகே சொன்னீங்க."

பையன் பிறந்தது ஏப்ரல் பதினைந்து. முதல் பிறந்தநாளன்றே பொங்கலூர்க் கோயிலில் காதுகுத்து. சொந்தம் மொத்தத்துக்கும் ஒரே மாதிரி வெள்ளை டி-ஷர்ட் என்பது என் யோசனை. (திருப்பூர்க்காரனுக்கு வேறென்ன தோன்றும்?) முதுகில் அதே தேதியில் உலகத்தில் நடந்த பெரிய விஷயங்கள், கடைசி வரியில் என் மகன். விஷயங்களைச் செந்திலே தேடிப் போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாம்பிள் வந்தது. நான் பனியன் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். இழுத்துப் பார்த்தேன், பிரிண்ட் வெடிக்கவில்லை. துவைத்துப் பார்த்தேன், சாயம் போகவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தேன், எழுத்து நேராக இருந்தது. பாஸ் செய்தேன். அந்த எழுத்தைப் படிக்க வேண்டும் என்று இந்த மேதைக்குத் தோன்றவே இல்லை. (கம்பெனியில் வரும் பிரிண்டெல்லாம் ஜெர்மனும் பிரெஞ்சும். படித்துப் பார்த்தா பாஸ் செய்கிறோம்?)

கோயிலில் பையனை மடியில் வைத்துக்கொள்ள உட்கார்ந்த தாய்மாமன், அதாவது என் மச்சான், முன்னால் நின்ற என் தம்பியின் முதுகைச் சத்தமாகப் படித்தார். "அமெரிக்க ஜனாதிபதி குண்டடிபட்டு இறந்தார். டைட்டானிக் கப்பல் மூழ்கியது. எங்கள் கவின் பிறந்தான்."

எழுந்துவிட்டார். "ஏனுங்க மச்சான், எம்பட மாப்பிள்ளை பொறந்ததை எழவுக் கணக்குலயா சேத்துவீங்க?"

தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? அவர் பைக்கைப் பார்த்து நடந்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் செந்திலைப் பிடித்தேன். அன்றைக்கு நல்லது ஒன்றுகூட நடக்கவில்லையாடா?

"ஒரு பெரிய ஓவியர் பொறந்திருக்காருங்கண்ணா. அவரை நம்ம சனத்துக்குத் தெரியாதுங்களே. கப்பல்னா எல்லாத்துக்கும் தெரியும்."

எல்லோரும் சட்டையைத் திருப்பிப் போட்டால்தான் உட்காருவேன் என்றார் மச்சான். போட்டோம். ஆல்பத்தில் என் வம்சமே லேபிள் வெளியே தொங்க நிற்கிறது. வெள்ளைத் துணி வேறு. திருப்பிப் போட்டும் கப்பல் வரி தெரிகிறது. காதில் ஊசி இறங்கியதும் பையன் வீறிட்டான். "கப்பல் ஊதுதுங்க" என்றார் மச்சான். அன்றோடு கவின் என்ற பெயர் போனது. இப்போது பள்ளிக்கூடத்திலும் அவன் கப்பல்தான்.

அடுத்த மாதம் செந்தில் மகளுக்கு அதே கோயிலில் காதுகுத்து. டேய் செந்தில், மொத்தச் சொந்தமும் வரும், மைக்கும் இருக்கும். படிக்காமல் ஓகே சொன்னவன் நான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு பீஸாக அடித்துக் காயப்போட்டாயே, நீ படித்தாயா இல்லையா? மைக்கில் சொல்.