தங்கவேல் வீட்டுக்கு நான் பேசிய சமாதானம்

அடுத்தவர் குடும்பத்தைச் சேர்த்துவைக்கும் ஆற்றல் ஒரு மனிதனுக்குத் தன் கல்யாணத்தை அடுத்த சில மாதங்களுக்குத்தான் இருக்கும். பிறகு தன் வீட்டைச் சமாளிக்கவே நேரம் போதாது. எனக்கு அந்த ஆற்றல் 1960களின் நடுவில் வந்தது. யாழ்ப்பாணத்தில் புதிதாகப் பிறக்கிராசியாகியிருந்தேன். (சட்டத்தரணிக்கு அன்றைய பெயர். வழக்கு வராவிட்டாலும் கறுப்புக் கோட்டு வந்துவிடும்.)

வல்வெட்டித்துறையிலிருந்து தங்கவேல் என்பவர் வந்தார். வள்ளத்தில் சரக்கு ஏற்றி ஓடுகிறவர்.

"நானும் மனுசியும் பிரியப் போறம். கோட்டிலை கூண்டேறி ஆளுக்காள் ஏசிக்கொண்டு நிக்க எங்களுக்கு ஏலாது. நீங்கள் நடுவிலை இருந்து கதைச்சு முடிச்சுத் தாங்கோ."

ஏன் பிரிகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. இருவரையும் சேர்த்தே அனுப்புவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். பிறகு காரணம் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொழும்புத்துறையில் என் வீட்டுக்கு இருவரும் வந்தார்கள். வெயில் கொளுத்தியது. நான் கோட்டுப் போட்டிருந்தேன். இரண்டு கதிரைகளை எதிரெதிரே வைத்திருந்தேன். அவர்களோ சுவரோரம் கிடந்த வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாதி வெற்றி என்று நினைத்தேன்.

என் மனைவி சரோசா தேத்தண்ணி வைத்துவிட்டுக் கதவடியில் நின்றாள். நான் தொடங்கினேன். குடும்பம் ஒரு வள்ளம் என்றேன். புருசன் பாய், மனைவி சுக்கான் என்றேன். (எனக்கு வள்ளத்தில் கால் வைத்தாலே குமட்டிச் சத்தி வரும்.) இருவரும் தலை குனிந்து கேட்டார்கள். அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது. கடைசியாக, "வீட்டிலை ஒரு குழந்தை தவழ்ந்தால் இந்தச் சண்டையெல்லாம் தானாப் பறந்திடும்" என்று முடித்தேன்.

தங்கவேல் எழுந்து முற்றத்தைப் பார்த்தபடி நின்றார். அவர் மனைவி புவனேஸ்வரிதான் பேசினார். பிழையாகக் கணக்குச் செய்த பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, நாங்கள் சண்டை பிடிக்கேல்லை. எங்களுக்கொரு பெடியன் இருந்தவன். போன மாரிக்குக் காய்ச்சல் வந்து செத்துப்போனான். இவர் அப்ப கடலிலை. இப்ப கரைக்கு வரேக்கையெல்லாம் முதல்லை வாசலைத்தான் பாப்பார். அங்கை நான்தான் நிப்பன். அவரும் எவ்வளவு நாளைக்குப் பாக்கிறது, நானும் எவ்வளவு நாளைக்கு நிக்கிறது?"

அத்துடன் நான் வாயை மூடியிருக்கலாம். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் சட்டம் சொன்னேன். இருவருக்கும் விருப்பம் என்பதால் மட்டும் நீதிமன்றம் விவாகரத்துத் தராது, ஒருவர் மற்றவரைக் கைவிட்டதாக இருக்க வேண்டும் என்றேன். அவர்களுக்குள் சண்டை வந்தது அப்போதுதான்.

"என்ரை பேரிலை போடுங்கோ" என்றார் தங்கவேல்.

"வேண்டாம். வீட்டை விட்டு வெளிக்கிடப் போறது நான்."

"நீ ஊருக்குள்ளை நல்ல பேரோடை இருக்க வேணும்."

"கைவிட்டவன் எண்டு பேர் வந்தால் உங்களுக்கு ஆர் பிறகு பொம்பிளை தருவினம்?"

"நான் கேட்டனானே?"

நடுவர் நான் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சரோசா வந்து புவனேஸ்வரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அண்ணைதானே அண்டைக்குக் கடலிலை நிண்டவர். இதையாவது அவர் சுமக்கட்டும். விடுங்கோ."

புவனேஸ்வரி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். தங்கவேல் திரும்பவேயில்லை.

வழக்கை அவர் மறுத்து வாதாடவில்லை. விவாகரத்துக் கிடைத்தது.

இப்போது எங்கள் வீட்டில் மகனுக்கும் மருமகளுக்கும் மனஸ்தாபம் என்றால், "அப்பா, நீங்கள் போய் வாழைக்குத் தண்ணி கட்டுங்கோ. இஞ்சை சமாதானம் பேசவேணும்" என்று என்னை அனுப்பிவிடுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். சரோசா அந்தக் கதையைத் திரும்பவும் எடுப்பாள். வள்ளம் வரும், பாய் வரும், என் கோட்டும் வேர்வையும் வரும். குழந்தையைப் பற்றி நான் சொன்னதை மட்டும் அவள் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.