அறுபத்தொரு சென்டிமீட்டர்

பென்சன் அந்த முடியை ஸ்டீல் ஸ்கேலின் மேல் நீட்டி, இரண்டு முனையிலும் டேப் ஒட்டி அளந்தான். அறுபத்தொரு சென்டிமீட்டர். சந்தேகத்துக்கு இன்னொரு முறை அளந்தான். முடி சொன்ன சொல் மாறவில்லை.

"பொம்பளப் புள்ள முடி," என்றார் பிளான்ட் மேனேஜர் ஜமீர் அகமது. "இதுல ஆராய்ச்சி பண்ண என்னா இருக்குது? நம்ம லைன்ல நாப்பத்திரண்டு பேரு. அதுல யாரோ ஒருத்தர்."

ஓசூர் சிப்காட்டில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் ஸ்கூட்டருக்கு மீட்டர் செய்கிறார்கள். எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று காட்டும், நாம் யாரும் பார்க்காத அந்தக் கண்ணாடிச் சமாச்சாரம். அதை டப்பாவில் அடுக்கி, எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவில் உள்ள ஸ்கூட்டர் கம்பெனிக்கு அனுப்புவார்கள். அங்கே டப்பாவைத் திறந்தபோது மீட்டரின் மேல் ஒரு முடி கிடந்ததாம். சோற்றில் முடி கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம். மீட்டரில் கிடந்தால் புகார், புகாருக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு ஃபைல். முடியும் பிளாஸ்டிக் உறைக்குள் படுத்து கூரியரில் ஊர் திரும்பிவிட்டது.

அனுப்பியவர் அந்த ஸ்கூட்டர் கம்பெனியின் ஆய்வாளர் கோபி. பென்சன் அவரை நேரில் பார்த்ததில்லை. போனில் மட்டும் பழக்கம், அதுவும் திட்டு வாங்கும் பழக்கம்.

"மூணு வாரம் டைம் தரேன்," என்றார் கோபி. "காரணம் வேணும், பரிகாரம் வேணும். நானே நேர்ல வந்து பாப்பேன்."

பென்சன் கழுத்தில் குவாலிட்டி இன்ஜினியர் என்று அட்டை தொங்கினாலும் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பயிற்சி இரண்டாவது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. ஜமீர் அகமது மேஜை டிராயரைத் தட்டிக் காட்டினார்.

"உன் லெட்டர் இதுக்குள்ளதான் இருக்குது. புகாரை மூடிட்டு வா, கையெழுத்து போடறேன்."

அந்தத் தொழிற்சாலையில் எந்தத் தப்பு நடந்தாலும் ஐந்து முறை "ஏன்" என்று கேட்க வேண்டும் என்பது விதி. சுவரில் கூட எழுதிப் போட்டிருக்கிறார்கள். பென்சன் கேட்டான். டப்பாவுக்குள் முடி ஏன் வந்தது? உதிர்ந்ததால். ஏன் உதிர்ந்தது? தொப்பி பிடித்து வைக்கவில்லை. தொப்பி ஏன் பிடிக்கவில்லை? எலாஸ்டிக் தளர்ச்சி. மூன்றிலேயே விடை கிடைத்த சந்தோஷத்தில் மீதி இரண்டு ஏன்களையும் அவன் விட்டுவிட்டான்.

இரட்டை எலாஸ்டிக் வைத்த புதுத் தொப்பி வந்தது. ஷிப்ட் முடிந்ததும் ஒவ்வொருவரும் தொப்பியை வெள்ளைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து உதற வேண்டும், விழும் முடியை எண்ணிப் பலகையில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. பழைய தொப்பியில் லைன் மொத்தத்துக்கும் நூற்றுப்பத்து முடி. புதுத் தொப்பியில் இருநூற்று அறுபது.

"இறுக்கிக் கட்டுனா முடி அறுந்துதான் வரும் சார்," என்றார் லைன் லீடர் மேரிராணி. "நெத்தியப் பாருங்க, எல்லாருக்கும் கோடு விழுந்து கெடக்குது."

மேரிராணிக்கு அந்த லைனில் பதினைந்து வருடம். பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டு, தொப்பிக்குள் அடக்குவதற்கே ஒரு தனித் திறமை வேண்டும், அவ்வளவு முடி. ஆனால் அவர் தொப்பியைக் கவிழ்த்தால் காகிதம் வெள்ளையாகவே இருக்கும்.

"அப்ப என்ன பண்றது மேரிக்கா?"

"இங்க போர் தண்ணி உப்பு சார். அதுல குளிச்சா முடி தேங்கா நாரு மாதிரி ஆயிரும். ஞாயித்துக்கெழம எண்ணெ வச்சி ஊற விடச் சொல்லுங்க."

நான்காவது ஏனுக்கும் பதில் கிடைத்துவிட்டது என்று பென்சன் குறித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளவில்லை. மறுநாளே ஆளுக்கொரு தேங்காய் எண்ணெய் பாட்டில் கொடுத்து, தினமும் வேலைக்கு வருமுன் தடவ வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டான்.

நாற்பத்திரண்டு பேரும் தடவினார்கள். சும்மா கிடைத்த எண்ணெயை யாரும் கஞ்சமாகத் தடவுவதில்லை. தொப்பிக்குள் சூடேறி எண்ணெய் நெற்றியில் இறங்கியது, நெற்றியைத் துடைத்த கை கண்ணாடியைத் தொட்டது. அன்று மதியத்துக்குள் எண்பது மீட்டரில் கைரேகை. முடி இல்லை, அது உண்மை.

"ஒரு முடிக்குப் பதிலா எண்பது மீட்டர்," என்றார் ஜமீர் அகமது. "நல்லா முன்னேறுற."

எண்ணெயைப் போக்க ஷாம்பு கொடுத்தான். தினமும் ஷாம்பு, தினமும் உப்புத் தண்ணீர். நான்கே நாளில் எல்லார் தலையும் காய்ந்து பரட்டையாகி, தொப்பியைத் தூக்கிக்கொண்டு நின்றது. பலகையில் முந்நூற்று எழுபது.

"என் முடிய ஏன் சார் எண்றீங்க?" என்று தஸ்லிம் கேட்டாள். அவள் தொப்பிக்கு உள்ளே துப்பட்டாவும் சுற்றியிருப்பாள். "என் முடி கொட்டுனா என் துப்பட்டாவத் தாண்டி எங்க போவும்?"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்ம்மா," என்றான் பென்சன். அவனுக்கே அது சரியாகப் படவில்லை.

கடைசியில் மேரிராணியையே வகுப்பெடுக்கச் சொன்னான். கேன்டீனில் நின்று அவர் அரை மணி நேரம் பேசினார். ஈர முடியைச் சீவக்கூடாது. துண்டைப் போட்டு முறுக்கக்கூடாது, பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி எடுக்க வேண்டும். அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கிச் சிக்கெடுத்து மேலே போக வேண்டும். தானாகக் காய்ந்த பிறகுதான் பின்ன வேண்டும், அதுவும் தளர்வாக. எல்லாமே நல்ல யோசனைகள். பலகையில் எண்ணிக்கை குறையவும் செய்யும்.

ஆனால் ஷிப்ட் ஆறு மணிக்கு. தேன்கனிக்கோட்டையிலிருந்து கம்பெனி பஸ் நாலே முக்காலுக்குப் புறப்படும். மார்கழிக் குளிரில் எந்த முடி தானாகக் காயும்? மறுநாள் பஸ்ஸிலிருந்து நாற்பத்திரண்டு பேரும் சொட்டச் சொட்ட, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். கேட்டில் இருந்த செக்யூரிட்டி எழுந்து நின்றுவிட்டார். முடி காய்ந்து, சிக்கெடுத்து, தளர்வாகப் பின்னி லைன் ஓடத் தொடங்கியபோது மணி ஏழே கால். பதினோரு பேருக்குச் சளி.

"போதும்," என்றார் ஜமீர் அகமது. "நாளன்னிக்கு கோபி வராரு. வைத்தியத்த நிறுத்திட்டு ஆளக் கண்டுபிடி. எல்லார் முடியையும் அள."

அளந்தார்கள். பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டவில்லை. இரண்டு பேருக்கு எழுபதுக்கு மேல். சரியாக அறுபத்தொன்று, மேரிராணி ஒருவருக்குத்தான்.

"சார், அவங்க தொப்பியில ஒரு முடி கூட விழுந்ததில்ல," என்றான் பென்சன்.

"எப்டி விழும்? விழ வேண்டியதெல்லாம் டப்பாக்குள்ள விழுந்திருக்குது. காரணம் மேரிராணி முடின்னு எழுது. பரிகாரம், அவங்கள லைன்ல இருந்து எடுத்து பெயின்ட் ஷாப்புக்கு மாத்தியாச்சுன்னு எழுது."

"பதினஞ்சு வருஷம் சார்."

"உனக்கு லெட்டர் வேணுமா, வேணாமா?"

பென்சனுக்கு லெட்டர் வேண்டும். எழுதினான். எழுதிய தாளை எடுத்துக்கொண்டுபோய் மேரிராணியிடம் காட்டினான். அவர் இரண்டு முறை படித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் காலை வந்தபோது அவர் முடி கழுத்தோடு நின்றிருந்தது.

"முடிதான சார் குத்தம்?" என்றார். "முடி போயிருச்சு. இனி லைன்ல நிக்கலாம் இல்ல?"

"மேரிக்கா, யாருக்கா வெட்டச் சொன்னது?"

"பெயின்ட் ஷாப் வாடை எனக்கு ஆவாது சார். இழுப்பு இருக்குது. வீட்டுல அவருதான் ராத்திரில இருந்து பேச மாட்டேங்கறாரு. பேசுவாரு, விடுங்க."

பென்சனுக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இத்தனை நாளாக முடியைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, லைனிலேயே உருப்படியாக இருந்த ஒரு தலையை ஒழித்துவிட்டோம் என்று தோன்றியது. அந்த நினைப்போடு கேமராவை எடுத்து அவர் பின்னந்தலையைப் படம் பிடித்தான், ஏனென்றால் ஃபைலுக்கு வேண்டும். முடி அளந்த அன்று எடுத்த படத்தை 'முன்பு' என்றும் இதை 'பின்பு' என்றும் ஒட்டி, பெயின்ட் ஷாப் வரியை அடித்துவிட்டான். ஜமீர் அகமது அதைப் பார்த்து, இதுவே நல்லா இருக்குது என்றார்.

அடுத்த நாள் பதினோரு மணிக்கு கோபி காரிலிருந்து இறங்கினார். பென்சன் ஒரு கணம் தடுமாறினான். மனிதர் தலையில் பெயருக்குக் கூட ஒரு முடி இல்லை. வெயில் பட்டு உச்சி சிவந்திருந்தது. அப்படிப்பட்டவர், யாரும் சொல்லாமலேயே தொப்பியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டுதான் லைனுக்குள் வந்தார்.

படங்களைப் பார்த்தார். மேரிராணியின் பின்னந்தலையையும் பார்த்தார். மேரிராணி திரும்பாமல் மீட்டர் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இதுதான் பரிகாரம்," என்றார் கோபி. "முடி விஷயத்துல யாருக்கும் தாட்சண்யம் பாக்கக் கூடாது. மத்த கம்பெனிக்கும் இத அனுப்பப் போறேன்."

புகார் மூடப்பட்டது. ஜமீர் அகமதுவும் டிராயரைத் திறந்தார். பென்சன் லெட்டரை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைத்தான், உடனே செய்யத் தோன்றவில்லை.

கோபிக்கு மேனேஜர் அறையில் பிரியாணி நடந்துகொண்டிருந்தது. பென்சன் ஒரு டீயை எடுத்துக்கொண்டு வெளியே போய், காரில் உட்கார்ந்திருந்த டிரைவரிடம் கொடுத்தான். அத்திப்பள்ளிக்காரர், பெயர் முனிராஜு. கன்னட வாடை அடித்தாலும் தமிழ் நன்றாகவே வந்தது.

"உங்க சார் பயங்கர கண்டிப்புங்க," என்றான் பென்சன். "மொட்டைத் தலைக்கே தொப்பி கேட்டு வாங்கிப் போடறாரு."

முனிராஜு டீயை ஒரு முறை ஊதினார்.

"மொட்டை இப்ப போன வாரம்தான் சார். திருப்பதி வேண்டுதலுக்குன்னு அஞ்சு வருஷமா இடுப்பு வரைக்கும் வளத்து, தொப்பிக்குள்ள அடங்கலன்னு விரிச்சுப் போட்டுக்கினுதான் உங்க டப்பாவெல்லாம் தெறந்துகினு இருந்தாரு."